உயிலுக்குச் சாட்சி கிடைக்காத ஊர்

பத்திரம் எழுதும் கடைக்குக் கிரயம் எழுத வருகிறவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். உயில் எழுத வருகிறவர் மட்டும் எதிர்க்கடையில் சோடா குடிக்க வந்தவர் மாதிரி நின்று, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டென்று உள்ளே நுழைவார்.

சென்னையில் பி.எல். இரண்டாம் வருடம் முடித்து வந்த விடுமுறையில், தூத்துக்குடி ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே ராமையா அண்ணாச்சியின் பத்திரக் கடையில் ஆறு வாரம் வேலை பார்த்தேன். அண்ணாச்சிக்குக் கண்ணில் புரை. என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். இந்த இரண்டு காரணமும் எங்கள் அம்மாவுக்குப் போதவில்லை. மூன்று நாள் விவாதித்து, மூன்றாம் நாள் அம்மா களைத்துப்போன பிறகுதான் நான் வேலைக்குப் போனேன்.

உங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் 'உயில்' என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் வாயைப் பொத்துவார், ஒருவர் சாமி படத்தைப் பார்ப்பார், ஒருவர் அழுவார். அப்படிப்பட்ட வீடுகளில் பிறந்து வளர்ந்த துன்பப் பங்காளிகளே, இது உங்களுக்காக.

பெரியவர் இல்லையா?

எழுதும் மேசையில் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்ததும் வாசலில் வருகிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கஸ்பார் தண்டலும் அதையே கேட்டார். தோணியின் தலைவரை எங்கள் ஊரில் தண்டல் என்போம். இவர் முப்பது வருடம் கொழும்புக்குத் தோணி விட்டவர், எழுபதைத் தாண்டியவர். "பெரியவர் ஆபீசுக்குள்ளே போயிருக்கிறார், சட்டம் இங்கேதான் இருக்கிறது, உட்காருங்கள்" என்றேன். சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் எளிது. அவருக்கு ஒரு வீடு. முன்கட்டு மூத்த மகன் பெர்க்மான்சுக்கு. அடுப்படியும் கிணறும் உள்ள பின்கட்டு, செத்துப்போன இளைய மகனின் மனைவி மெர்சிக்கு. மெர்சியும் அவள் மகளும்தான் அவரோடு இருந்து கஞ்சி ஊற்றுகிறவர்கள். ஆனால் "அப்பா காலத்துக்குப் பிறகு மெர்சி மணப்பாட்டுல அவ ஆத்தா வீட்டுக்குப் போகட்டும்" என்று பெர்க்மான்ஸ் இப்போதே சொல்லிவிட்டார். எழுதி வைக்காவிட்டால், தண்டலைத் தூக்கிக்கொண்டு போகும் அதே வாசலில் மெர்சியின் டிரங்குப் பெட்டியும் வெளியே வரும்.

உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டாம், வெள்ளைத் தாளே போதும் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"செத்தபெறவு பேசுததுக்கு வெள்ளத்தாள் போதுமா? உசுரோட இருக்கவனுக்கு ஒரு ரேஷன் கார்டு குடுக்க எத்தன முத்திர கேக்கான்!"

முதல் மண்

வீட்டை எழுதி முடித்ததும் அடக்கத்துக்கு வந்தார். கோட்டு மாட்டிவிடக் கூடாது. வெள்ளைச் சட்டை போதும். பெட்டிக்குள் பளபளத் துணி வேண்டாம். தோணியின் பழைய பாய்மரத் துணி விரிக்க வேண்டும். பேண்டு வாத்தியம் கூடவே கூடாது. கடைசியாக, குழியில் முதல் பிடி மண்ணை மெர்சி போட வேண்டும்.

அதற்குள் ஆபீசிலிருந்து வந்துவிட்ட அண்ணாச்சி பேனாவைப் பிடுங்காத குறை. "என்ன தண்டலு! முதல் மண்ணு மூத்தவன் உரிமையில்லா? வீட்டக்கூட பொறுத்துக்கிடுவான், இத பொறுக்க மாட்டான்." நான் விடுவேனா? மண்ணுக்கு மூத்தது இளையது தெரியுமா, பெண்ணின் கை பட்டால் குழி மூடாதா என்று ஆரம்பித்தேன். தண்டல் என்னைக் கையமர்த்திவிட்டு, என் வாதம் எதுவும் தேவைப்படாத ஒன்றைச் சொன்னார்.

"எம் மவன் தோணியோட போனவன். கடலு அவன திருப்பித் தரல. அந்தப் பிள்ள ஒரு பிடி மண்ணு போட எடமில்லாம நிக்கி. எனக்காவது போடட்டுமே."

காணாமல் போன கண்ணாடி

சுத்தப் பிரதி எழுதி வைத்திருந்தேன். கையெழுத்துப் போட வந்த தண்டலின் மூக்கில் கண்ணாடி இல்லை. சாவு அடக்கப் பேச்சு எதுவும் பெர்க்மான்சுக்குத் தெரியாது. ஆனால் வீட்டை எழுதப் போகிறார் என்று எப்படியோ மோப்பம் பிடித்துக் கண்ணாடியை ஒளித்துவிட்டார். புதுத் துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கும் கிளார்க் வேலை பார்க்கிறவர், படித்தவர், செய்கிற வேலையைப் பாருங்கள்! அதோடு நிற்கவில்லை. உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போட்டவன் வீட்டில் வருடத்துக்குள் ஒரு சவப்பெட்டி புறப்படும் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். எழுதிய கையே சாட்சியும் போடக் கூடாது என்பது அண்ணாச்சியின் கட்டளை. சோடாக்கடைக்காரர் முதல் தையல்காரர் வரை நான் கேட்ட ஏழு பேருக்கும் அன்றைக்குத் திடீரென்று கையில் சுளுக்கு.

எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. தண்டலோ தாளை நீட்டிப் பிடித்து, பின்னே தள்ளி, மறுபடி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து மைலுக்கு அங்கன வார கப்பல் யாரு கப்பலுன்னு இப்பவும் சொல்லுவேன், பிள்ள. எம் பேரு எழுதுற எடந்தான் தெரியல."

யாருக்காகச் சண்டை போட்டேனோ அவள்

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் கடைக்குள் வந்து என் மேசையில் கையை ஊன்றி நின்றாள். மெர்சி. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் தன்னடக்கத்தோடு புன்னகை செய்தேன்.

"அந்தத் தாள கிழிச்சுப் போடுங்க" என்றாள். "மாமாகிட்ட மூணு நாளா பேசல. மீன் கொழம்பும் வைக்கல."

பெண்ணுக்குச் சொத்துரிமை என்பது எவ்வளவு போராடி வாங்கியது என்று நான் தொடங்கினேன். நல்ல பேச்சு, கல்லூரியில் அதற்குப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். மெர்சி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க எழுதிட்டு மெட்ராசுக்கு ரயிலேறிருவீங்க. இவ கெழவன மயக்கி எழுதி வாங்கிட்டான்னு சொல்லுத தெருவுல நான்தான அக்கா நாளைக்கித் தண்ணி எடுக்கணும்?"

அந்தப் பரிசுப் பேச்சை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பேசவில்லை. ஆனால் தாளையும் கிழிக்கவில்லை.

சாமியார் பஞ்சாயத்து

கடைசி ஆயுதமாகப் பெர்க்மான்ஸ் மாதா கோயில் பங்குச் சாமியாரை அழைத்துவந்தார். கடையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் சாமியார் உட்கார்ந்தார். தண்டல் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். "சாமி, சாவ நெனச்சு எழுதுதது தேவனுக்குப் பிடிக்குமா? நீங்களே சொல்லுங்க" என்றார் பெர்க்மான்ஸ்.

சாமியார் உயிலை வாங்கி மனதுக்குள் படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மறுபடி படித்தார். படித்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்புறம் நான் சற்றும் எதிர்பாராத விதமாக என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் ரெண்டு வெள்ளத்தாள் குடும்மா. எங்க அண்ணன் தம்பிங்கள உனக்குத் தெரியாது."

அண்ணாச்சியின் பழைய வழி

சாமியாரே கைவிட்ட பிறகு பெர்க்மான்ஸ் இறங்கி வந்தார். மானத்தை விட்டுக்கொடுக்காத விதமாகத்தான்: "எழுதுதது எழுதட்டும். வெளியாள் வந்து சாட்சி போட வேண்டாம். மூத்தவன் நானே போடுதேன்." ராமையா அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. எந்த மகன் எதிர்க்கிறானோ அவனையே முதல் சாட்சியாகப் போட வைத்துவிடுவது அவருடைய இருபத்தைந்து வருட வழக்கம். நாளைக்கு அவன் கோர்ட்டுக்குப் போய் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாதல்லவா? சாட்சி உயிலைப் படிக்க வேண்டியதில்லை என்பதால், மைஒற்றுத் தாளால் எழுத்தை மறைத்துக் கையெழுத்து இடத்தை மட்டும் காட்டினார். பெர்க்மான்ஸ் சட்டைப் பைக்குள்ளிருந்து தன் அப்பாவின் கண்ணாடியை எடுத்து நீட்டினார். தண்டல் போட்டார், மகன் போட்டார், அண்ணாச்சி போட்டார். எல்லோரும் எதிர்க்கடைக் கலர் சோடா குடித்தோம்.

மறுநாள் காலை பரீட்சைக்குப் படிக்கிற சாக்கில் வாரிசுச் சட்டத்தைப் புரட்டினேன். கிறிஸ்தவர் எழுதும் உயிலில், சாட்சி போட்டவருக்கே எழுதி வைத்த பங்கு செல்லாது. இந்து உயிலுக்கு அந்த விதி இல்லை. அண்ணாச்சியின் வாடிக்கைக்காரர்கள் முக்கால்வாசியும் இந்துக்கள், அவர் வழக்கம் அதுவரை யாரையும் கடிக்கவில்லை. இப்போது பெர்க்மான்ஸ் தன் முன்கட்டைத் தானே கையெழுத்துப் போட்டு இழந்திருக்கிறார்!

சொல்லாமல் விட்டால் என்ன? கண்ணாடியை ஒளித்தவருக்கு வேண்டியதுதானே? கடைக்கு நடக்கும் வழியெல்லாம் எனக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினேன். ஆனால் உயில் பெர்க்மான்சுடையது அல்ல, தண்டலுடையது. முன்கட்டு மூத்தவனுக்கு என்றுதான் அவர் சொன்னார். அண்ணாச்சியிடம் புத்தகத்தைக் காட்டினேன். அவர் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் படித்துவிட்டுப் புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது தெரிஞ்சா அவன் உன்னயும் நம்ப மாட்டான், என்னயும் நம்ப மாட்டான். ஆனாலும் நீயே போய்ச் சொல்லிரு, பிள்ள. ஒனக்குத்தான் சண்ட பிடிக்கும்."

சாட்சி தேடிய மகன்

அண்ணாச்சி சொன்னபடியே ஆயிற்று. "நேத்து போட விட்டீங்க, இன்னிக்கி எடுக்கச் சொல்லுதீங்க. என்ன சூழ்ச்சி?" என்றார் பெர்க்மான்ஸ். நான் புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். "நீங்க சும்மா இருந்திருந்தா என் முன்கட்டு போயிருக்குமே" என்றார் மெதுவாக. "ஆமாம்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சுருக்கமான பதில் அதுதான்.

உயிலை மறுபடி எழுத வேண்டும். அண்ணாச்சி ஒரு சாட்சி. இன்னொருவருக்கு எங்கே போவது? சாட்சி போட்டால் பெட்டி புறப்படும் என்று தெரு முழுக்கச் சொன்ன அதே பெர்க்மான்ஸ், வெயிலில் அதே தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். "அதெல்லாம் மூட நம்பிக்கை, மச்சான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நான் இந்தக் காதால் கேட்டேன். கடைசியில் சிக்கியவர் பேண்டு மாஸ்டர் லூர்து. பெட்டி புறப்பட்டால் அவருக்குப் பிழைப்புத்தானே, பயம் கிடையாது. ஆனால் உள்ளே பேண்டு கூடாது என்று எழுதியிருப்பதைத் தண்டல் வாயாலேயே கேட்டதும் பேனாவை வைத்துவிட்டார். "கையெழுத்து மட்டும் என்னுது வேணுமாக்கும்!" அரைமணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு தண்டல் ஒரு படி இறங்கினார்.

"கல்லறை வாசல் வரைக்கும் ஒரே ஒரு பாட்டு வாசி. உள்ள வந்து ஊதினேன்னா, எந்திரிச்சு வந்து அடிப்பேன்."

இரண்டாவது மண்

இந்த முறை மைஒற்றுத் தாள் வேண்டாம் என்றார் தண்டல். "முழுக்கப் படி, பிள்ள. அவனும் கேக்கட்டும்." மீன் குழம்பை மறுபடி வைக்கத் தொடங்கியிருந்த மெர்சியும் வாசலோரம் நின்றாள். முன்கட்டு, பின்கட்டு, கிணற்றுக்குப் போகிற வழி என்று படித்தேன். பெர்க்மான்ஸ் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். முதல் பிடி மண்ணை மெர்சி போட வேண்டும் என்ற வரி வந்ததும் தலை நின்றுவிட்டது. "மாமா, இது வேண்டாம்" என்றாள் மெர்சி, அழுதுவிடும் குரலில்.

தண்டல் என்னைப் பார்த்தார். "வீட்டுக்குச் சட்டம் நிக்கும்னு சொன்ன. இதுக்கும் நிக்குமா?"

நிற்கும் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை! ஆனால் நிற்காது. பெட்டியில் என்ன துணி, குழியில் யார் மண் என்பதை எந்தக் கோர்ட்டும் வந்து நடத்தி வைக்காது. அன்றைக்கு அங்கே நிற்கிறவர்கள் மனம்தான். அதைச் சொன்னேன். எல்லோரும் பெர்க்மான்சைப் பார்த்தோம், பேண்டு மாஸ்டர் உட்பட. அவர் மெர்சியைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். கடலோடு போன தம்பிக்கு அவரும் ஒரு பிடி மண் போட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெர்க்மான்ஸ் என் பேனாவைக் காட்டினார்.

"அது அப்படியே இருக்கட்டும். ரெண்டாவது மண்ணு பெர்க்மான்ஸ்னு கீழ எழுதுங்க. இல்லன்னா அதுக்கும் எவனாவது வந்து நிப்பான்."

ஆறு வாரச் சட்ட அனுபவத்தில் நான் கண்டது என்னவென்றால், எங்கள் ஊரில் ஒருவர் சாவதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம், சாவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைப்பதற்குத்தான் மகன், மருமகள், சாமியார், பேண்டு மாஸ்டர் எல்லோருடைய சம்மதமும் வேண்டியிருக்கிறது.