ஜன்னலோர வள்ளம்

ஆலங்குடாவில் நான் லீவுக்குத் தங்கிய கடற்கரை வீட்டில் சுவர், திரை எல்லாமே கடலின் நிறம். வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு வெயிலில் செம்பட்டையான தாடி. ஜன்னலில் அலங்காரத்துக்கு வைத்திருந்த சின்ன மர வள்ளத்தைத் தினமும் துடைத்து, கடல் பக்கம் திருப்பிவைப்பார். அதன் முகப்பு அழகு என்று நான் அறைப் பக்கம் திருப்புவேன்.

“ஏன் நானா மாத்துறீங்க?” என்று அவரைக் கேட்டேன்.

“இங்கால பாத்தா ஊட்ட திரும்புற வள்ளம், தம்பி. நீங்க இப்பதானே வந்தீங்க.”

புறப்பட்ட அன்று நானே அதை அறைப் பக்கம் திருப்பினேன்.

“இரிக்கட்டும். ஊட்ட போய்ச் சேந்ததும் சொல்லுங்க, திருப்புறேன்,” என்றார்.

கொழும்புக்கு வந்து இரண்டு மாதமாகிறது. வீடு வந்து சேர்ந்ததை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. அவர் கணக்கில் நான் இன்னும் வழியில்தான் இருக்கிறேன்.