சாக்பீஸ் கோடு

லாயக்காரருக்கு மறதி அதிகம் என்று யாராவது சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். மறக்காமலிருக்க அவரிடம் சொந்தமாக ஒரு வழி இருந்தது. பூச்சி மருந்து கொடுத்து முடித்த குதிரையின் முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிடுவார்.

அன்றும் ஒவ்வொன்றின் வாயோரத்திலும் மருந்துக்குழலைச் செருகி, மருந்துப் பசையை நாக்கின்மேல் பீச்சி, கோடும் இழுத்தார். பாதி முடிந்ததும் கை கழுவப் போனார். திரும்பி வந்தால், குதிரைகள் ஒன்றையொன்று உரசிச் சொறிந்துகொண்டதில் எல்லா முதுகிலும் வெள்ளை!

ஒவ்வொன்றின் வாயையும் மோந்து பார்த்தார். வைக்கோல் வாசம்தான் வந்தது. இடித்துக்கொண்டு நின்ற குதிரைகளின் நடுவில் நின்று தலையைச் சொறிந்தார். மறுபடி கொடுத்தால் குதிரை டாக்டர் விடமாட்டார். கொடுக்காவிட்டால் பூச்சி விடாது.

டீயோடு வந்த மனைவியிடம் புலம்பினார்: “எந்தக் குதிரைக்குக் குடுத்தேன், எந்தக் குதிரைக்குக் குடுக்கலைன்னே தெரியலடி!”

அவள் அவரைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“குதிரைங்க கிடக்கட்டும். உங்க முதுகுலயும் கோடு இருக்கே, உங்களுக்குக் குடுத்தாச்சா?”

“லூசு மாதிரி பேசாத” என்று எரிந்து விழுந்தார்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், நாக்கால் வாயை ஒருமுறை துழாவிப் பார்த்துக்கொண்டார்.