பொய் சொல்லப் போதாத ஜெர்மன்

ஜெர்மனிக்கு ஒரு வருடம் படிக்கப் போன என்னை, பல்கலைக்கழகம் இரண்டு ஜெர்மன் மாணவர்களோடு ஒரே வீட்டில் குடிவைத்தது. வீட்டுக்குள் ஜெர்மன் தவிர வேறு மொழி பேசக் கூடாது. மொழி தானாக வந்துவிடுமாம். ஆறு மாதத்தில் வந்தது இவ்வளவுதான்: எனக்குப் பசிக்கிறது, எனக்குப் புரியவில்லை, குப்பையை நான் கொட்டிவிட்டேன். வாயாடி என்று மதுரையில் பெயரெடுத்தவன், அங்கே ஊமைச்சாமியாக இருந்தேன்.

விடுமுறை விட்டதும், வாயாரத் தமிழ் பேச பாரிசுக்கு ரயிலேறினேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் நடந்து, முதலில் கண்ணில் பட்ட சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து கொத்து ரொட்டி சொன்னேன். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எங்கே படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். ரொட்டி வருவதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, ஜெர்மன் கதைப்பியளோ?”

“ஏதோ கொஞ்சம் வரும் சார்.”

“அது காணும், அவ்வளவு போதும்.”

அவருடைய மகள் ஒரு ஜெர்மன் பையனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். பையனின் அப்பாவும் அம்மாவும் அன்று மத்தியானம் பேச வருகிறார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சும் இங்கிலீஷும் தெரியாது, இவருக்கு ஜெர்மன் தெரியாது. பிள்ளைகளே மொழிபெயர்க்கலாமே என்றேன்.

“அவை ரெண்டு பேரும் தங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திச் சொல்லிப்போடுவினம். எனக்குப் பொதுவான ஆள் வேணும்.”

என் ரொட்டிக்கு இன்னும் ஒரு முட்டை போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு எழுந்து ஓடுவது மரியாதையாக இருக்காது.

கை கழுவப் போன இடத்தில் மகள் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, சில்வுப்ளே, தயவுசெய்து. அப்பா கோவமா ஏதும் சொன்னா, நீங்க கொஞ்சம் வடிவா, இதமாச் சொல்லுங்கோ.”

அழுதுவிடுவாள் போலிருந்தது. தலையாட்டி வைத்தேன். ஒரு பெண்ணின் கல்யாணம் என் வாயில் நிற்கிறது. அந்த வாய்க்கோ குப்பை கொட்டிய கதைக்கு மேல் தெரியாது.

பையனும் அவன் அப்பா, அம்மாவும் வந்தார்கள். பிள்ளைகள் இருவரையும் சமையலறைக்கு அனுப்பிவிட்டார் முதலாளி. அவர் மனைவி தட்டு நிறைய வடை வைத்தார். தட்டு காலியாக இருந்தால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. தட்டில் மிச்சம் வைத்தால் அவர்களுக்குப் பொறுக்காது. பையனின் அம்மா தின்னத் தின்ன இவர் வைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் என்ன செய்ய, ‘தட்டில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்’ என்ற ஜெர்மன் வாக்கியம் எனக்கு இன்னும் வரவில்லை.

பிறகு முதலாளி பேசத் தொடங்கினார். இந்த ஊருக்கு வந்து கோப்பை கழுவியது, லண்டனில் இருக்கும் தங்கை, கனடாவில் இருக்கும் மச்சான், கோயிலில் சனம் என்ன கதைக்கும், எங்கட முறை என்ன, உங்கட முறை என்ன. எங்கெங்கோ சுற்றிக் கடைசியில், அவர்கள் ஊரில் குளிர் எப்படி என்றும், இங்கிருந்து எவ்வளவு தூரம் என்றும் இரண்டு தடவை கேட்டு நிறுத்தினார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

வடிவாகச் சொல்ல நிறைய மொழி வேண்டும். பொய்க்கு அதைவிட நிறைய வேண்டும். என்னிடம் இருந்ததைக் கொண்டு, “இவருக்குப் பயமாக இருக்கிறது. மகள் தூரமாகப் போய்விடுவாள்” என்றேன்.

“இவ்வளவு கதைச்சன், நீங்கள் ரெண்டு சொல்லோடை முடிச்சிட்டியள். என்ன சொன்னனீங்கள்?”

“உங்களுக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன் சார்.”

முறைத்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் இல்லை என்று சொல்லவில்லை. மேசையை ஒரு தரம் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

பையனின் அப்பா கண்ணாடியைக் கழற்றினார். எனக்காக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். “எனக்கும்தான். எங்களுக்கு ஒரே மகன். இங்கேயே தங்கிவிடுவான்.”

தமிழில் சொன்னேன்.

“பெடியன் இஞ்சை இருக்கப்போறானோ? ஆர் சொன்னது?”

பையனின் அப்பாவிடம் கேட்டேன்.

“பிள்ளைங்க ரெண்டு பேரும் இன்னும் எதையும் முடிவு பண்ணலையாம் சார். இவரா பயப்படுறார்.”

இரண்டு அப்பாக்களும் ஒருவரை ஒருவர் அப்போதுதான் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். சமையலறைக் கதவோரம் மகள் நிற்பது தெரிந்தது. முதலாளியும் அவளைப் பார்த்தார், நிறைய நேரம் பார்த்தார்.

“தம்பி, ஆரோ ஒராள் ரயிலேறத்தான் வேணும். மகளைப் பாக்க நாங்கள் ஏறுறம் எண்டு சொல்லுங்கோ.”

அதைச் சொல்லும் அளவுக்கு ஜெர்மன் என்னிடம் இருந்தது. சொன்னேன்.