நெத்திலியை நனைத்த கனெக்டர்

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒருபக்கம் என் செடிகள். மறுபக்கம் பக்கத்து போர்ஷன் ஸ்டெல்லா அக்கா விற்பதற்காகக் காயவைக்கும் நெத்திலி. செடிக்குத் தண்ணீர் விட, குழாயில் ஹோஸை ‘கிளிக்’கென்று மாட்டும் பிளாஸ்டிக் கனெக்டர் வாங்கினேன். என் ஹோஸ் அரை இஞ்ச், வாங்கியதோ முக்கால். மாற்றிவரச் சோம்பல்பட்டு, ஹோஸில் நூலைச் சுற்றி இறுக்கிவிட்டேன்.

அன்று குக்கர் விசில் கேட்டு, ஹோஸ் முனையை மட்டும் அடைத்துவிட்டு, குழாயை மூடாமல் கீழே ஓடினேன். திரும்பி வந்தால், அழுத்தம் தாங்காமல் ஹோஸ் கழன்று கிடந்தது. நெத்திலி முழுக்கத் தண்ணீரில் மிதந்தது. அவசரமாகக் குழாயை மூடி, ஹோஸைச் சுருட்டி ஒளித்தேன்.

மேலே வந்த அக்கா, டேங்க் வழிந்ததாக நினைத்து, மோட்டார் போடும் கீழ்வீட்டு பாயைக் கூப்பிட்டுக் கத்தினார். "இன்னா பாய், மோட்டார ஆஃப் பண்ண மறந்துட்டியா?"

"அணைச்சேனேம்மா... மறந்துட்டேனோ?" என்று அவர் தன்னையே சந்தேகப்பட்டார். நான் செடிகளில் காய்ந்த இலைகளைக் கிள்ளுவதுபோல் நின்றேன்.

மாலையில் மனசு கேட்காமல் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "மீனு போனா போவுது. அந்த மனுசன திட்டும்போது நீயும் பாத்துகினுதான இருந்த?" என்றார்.

இப்போது ஹோஸில் ஒரு துண்டு எடுத்துப்போய் அளவு பார்த்துத்தான் கனெக்டர் வாங்குகிறேன். மாட்டியதும் இழுத்துப் பார்க்கிறேன். குழாயை மூடாமல் நகர்வதில்லை. பாயிடமும் சொல்லிவிட்டேன், சிரித்தார். ஆனாலும் மோட்டாரை அணைத்த பிறகு, மாடியேறி வந்து டேங்கைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.