கடைசிச் சீட்டு

மச்சாள் மேல் எனக்கு இருந்தது பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப விரும்பவில்லை.

அவள் என் கணவரின் தங்கச்சி. வங்காலையில் கடற்கரையோரம் ஒரே வேலிக்குள் இரண்டு வீடு. இரண்டு வீட்டு வள்ளத்துக்கும் எஞ்சின் பழுதாகிக் கிடந்த நேரம், ஞாயிறு பூசை முடிந்து கூடுகிற பெண்கள் சீட்டில் இருவரும் சேர்ந்தோம். அவசரக்காரி தொகையில் ஒரு பங்கை மற்றவர்களுக்குக் கழிவாக விட்டுவிட்டு முதலில் எடுப்பாள். பொறுத்திருப்பவளுக்குக் கடைசியில் முழுக் காசும் வரும். மச்சாள் ஆரம்பத்திலேயே கண்மண் தெரியாமல் கழிவு விட்டு எடுத்து, புது எஞ்சின் வாங்கினாள்.

"உங்கட தங்கச்சிக்கு விசர். காசை ஊருக்குப் பிரிச்சுக் குடுத்திட்டாள்," என்று இவரிடம் சிரித்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது என் கட்சி. இவரும் யார் யாருடைய வள்ளத்திலோ மீன் பங்குக்குக் கூலியாகப் போய்க்கொண்டு என்னோடு சேர்ந்து பொறுத்தார்.

பிறகு டொலர் ஏறியது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை. என் முறை வந்தபோது, சீட்டுப் பிடித்த அக்கா ஒரு சதம் குறையாமல் கையில் தந்தார். அதோடு மன்னாருக்கு பஸ் ஏறினேன்.

"இந்தக் காசுக்கு இப்ப அரை எஞ்சின்தான் வரும், அக்கா," என்றார் கடைக்காரர்.

ஒருவரும் என்னை ஏமாற்றவில்லை. யாரையாவது திட்டினால் மனம் ஆறியிருக்கும். திட்ட ஆளில்லாததால் மச்சாளைப் பார்த்து எரிந்தேன். அவள் நல்லவள் வேறு.

"அண்ணாவை எங்கட வள்ளத்தில வரச் சொல்லுங்கோ மச்சாள். வெளியாக்களிட்ட ஏன் போவான்?" என்றாள்.

இவர் போனார். தங்கச்சி புருஷன் வள்ளத்துக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி, இவர் பங்குக்காரர். அவள் கொண்டுவந்து தரும் மீனைக் கறி வைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த சீட்டு தொடங்கியபோது நான் முந்திக்கொண்டேன். மச்சாள் அன்றைக்கு விட்டதைவிடக் கூடக் கழிவு விட்டேன்.

"இப்ப சாமான் விலை ஏறுறது நிண்டிட்டுது. கொஞ்சம் பொறுங்கோவன் மச்சாள்," என்றாள் அவள்.

யாரிடம் பொறுமை படிக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கையில் வந்த காசுக்குப் பழைய எஞ்சின் ஒன்றுதான் கிடைத்தது. ஆனாலும் இவர் சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போனார். வேலியோரம் நின்று அதை மச்சாள் பார்க்கட்டும் என்று நானும் கரைவரை போனேன்.

ரூபாய் அதன்பின் விழவில்லை. மச்சாள் கடைசிச் சீட்டை முழுசாக எடுத்து, புது வலை வாங்கினாள். அவள் முந்தியபோது விழுந்த காசு, அவள் பொறுத்தபோது அசையாமல் நின்றது. அரசாங்கத்தின் காசுகூட அவள் சொல்லைத்தான் கேட்கிறது.

போன கிழமை எங்கள் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. எங்கள் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தது மச்சாளின் வள்ளம்.

"நாளைக்கு அவையளோட போறன்," என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஓம்," என்றேன்.