கொடி பிடிக்கப் போன பேர்னாட்

கொட்டாஞ்சேனை பேர்னாட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்தபின் வீட்டில் தனியாகவே இருந்தார். ஒரே மகள் ரொஷேல் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிற்றூரில் நேர்ஸ். அவள் விடாமல் கேட்டதால் போன மே மாதம் அவளிடம் போனார்.

அது நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர். சுரங்கத்தை மூடியபின் பிழைப்புத் தேடி இளசுகள் போய்விட்டார்கள். கடைத்தெருவில் பாதிக் கடைகளை மூடிப் பலகை அடித்திருந்தது. சுரங்கக் கழிவைக் கொட்டிய மேட்டில் இப்போது புல் முளைத்து ஆடுகள் மேய்ந்தன. ரொஷேல் வேலைக்குப் போனால் பேர்னாட்டுக்குப் பேச ஆளில்லை. கொட்டாஞ்சேனையில் பக்கத்து வீட்டுச் சண்டையாவது காதில் விழும். இங்கே தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கும் சத்தம் மட்டும்தான்.

பொழுது போகாமல் அந்த மேட்டுக்கு நடந்துபோவார். அங்கே போட்டிருந்த மர வாங்கில் அலன் என்றொருவர் உட்கார்ந்திருப்பார். பழைய சுரங்கத் தொழிலாளி. மனைவி இல்லை, பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். ஒருவரின் இங்கிலீஷ் மற்றவருக்குப் பாதிதான் விளங்கும். ஆழத்தில் குனிந்து வெட்டியதை அவர் கையால் காட்ட, கப்பலிலிருந்து பெட்டி இறக்கியதை இவர் காட்டுவார்.

ஜூலையில் சுரங்கச் சங்கத்தின் பெரிய பட்டுக்கொடியை ஊர்வலமாகத் தேவாலயத்துக்குக் கொண்டுபோவார்கள். முன்பு அதைப் பிடித்தவர்கள் ஒவ்வொருவராக இறந்துவிட்டார்கள். அலனுக்கோ முழங்கால் முடியவில்லை. கொடியின் இரண்டு கம்புகளில் தன் பக்கத்துக் கம்பைப் பிடிக்க முடியுமா என்று பேர்னாட்டைக் கேட்டார். வெளியூர்க்காரன் பிடிக்கலாமா என்று இவர் தயங்கினார். பிடிக்க ஆள் இல்லாவிட்டால் கொடி வெளியே வராது என்றார் அலன்.

பேர்னாட் பிடித்தார். காற்று கொடியைக் கப்பல் பாய்போல் இழுத்தது, தோள் வலித்தது. சுரங்க வாசல் இருந்த இடத்தில் வாத்தியக்காரர்கள் நின்று, இறந்தவர்களுக்காக மெல்ல வாசித்தார்கள். மனைவியின் அடக்கத்தில் அழாத பேர்னாட் அங்கே அழுதார். இரண்டு கையும் கம்பில் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. பக்கத்தில் வந்த ஒரு பெண் தன் லேஞ்சியால் துடைத்துவிட்டாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அன்று சாப்பிடும்போது ரொஷேல் சொன்னாள்: "இங்கேயே இருந்திடுங்கோவன் பப்பா. விசா அலுவலை நான் பாக்கிறன்."

"நீ வேலைக்குப் போனா நான் சுவரோடயே கதைக்கிறது?"

"அலன் இருக்கிறார்தானே."

"ஓம். அந்தாளை விட்டுட்டுப் போறதுதான் கஷ்டமாக் கிடக்கு," என்றார். ஆனாலும் தங்கவில்லை. மனைவியின் கல்லறை ஊரில், பொரளையில் இருந்தது.

ஓகஸ்டில் திரும்பினார். ஞாயிறு பின்னேரங்களில் ரொஷேலின் போனிலிருந்து அலன் கூப்பிடுவார். அங்கே மழையா என்று இவர் கேட்பார். அங்கே வெயிலா என்று அவர் கேட்பார். அதற்குமேல் கதைக்க ஒன்றுமிருக்காது. ஆனாலும் இருவரும் உடனே வைப்பதில்லை. மற்ற நாட்களில் பேர்னாட்டின் போனுக்கு வருவது போன் கம்பனியின் விளம்பர மெசேஜ் மட்டும்தான். அதையும் அவர் முழுதாக வாசிப்பார்.