மகளுக்கு நிரந்தரம் கேட்கப் போனேன்

என் மகள் டாக்டர். மலாக்காவில் இதை நான் சொல்லாத ஆள் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். காண்ட்ராக்ட் டாக்டர் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

நான் நியாலாஸ் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை. பீ அள்ளினேன், பிணம் தள்ளினேன். ஆனாலும் நிரந்தர வேலை, இன்றைக்கும் பென்ஷன் வருகிறது. நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற என் மகளுக்கு அது கிடையாது.

"ஏண்டி உனக்கு மட்டும் குடுக்கல?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் இல்லம்மா, ஆயிரக்கணக்கான பேருக்கு இல்ல. சுகாதார அமைச்சுல கேட்டா, நிதி அமைச்சு காசு ஒதுக்கணும்ங்கிறாங்க. அங்க போனா, போஸ்ட் திறக்கிறது வேற இலாகாங்கிறாங்க. எங்க சங்கத்து ஆளுங்க போய்ப் பேசினா தே தாரேக் டீ குடுத்து, பார்ப்போம்னு அனுப்பிடுறாங்க."

"நீ உம்முனு இருந்தா எவன் குடுப்பான்? போய்ச் சிரிச்சுப் பேசு."

"சரிம்மா, பல்லு விளக்கிட்டுப் போறேன்" என்று சிரித்தாள்.

ஆயர் குரோ வீட்டில் எங்களோடு அவளுடைய கூட்டாளியும் தங்கியிருந்தாள். அவளும் காண்ட்ராக்ட் டாக்டர்தான், கெடாவில் ஒரு தோட்டத்துப் பிள்ளை. தாய் இல்லாதவள், என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். என் தோசையை அவள் தின்கிற வேகத்தைப் பார்த்தால் எனக்கே பசிக்கும்.

ஒரு நாள் மத்தியானம் காண்ட்ராக்ட் டாக்டர்கள் பல பேர் நிரந்தரம் கேட்டுக் கறுப்புச் சட்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து நின்றார்களாம். அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்ப வார்டுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி போனில் காட்டினாள். எல்லார் முகத்திலும் மாஸ்க். நடையை வைத்தே என் மகளை நான் கண்டுபிடித்துவிட்டேன். நிரந்தரம் ஆகிறவர்கள் லிஸ்ட் அடுத்த மாதம் வரவேண்டியது.

தோட்டத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். பிள்ளை தப்புச் செய்தால், வேலையை மேய்க்கிற மண்டோர் போய்ச் சொல்வதற்கு முன்னே தாய் ஆபீஸுக்குப் போய்விட வேண்டும். துரை முன்னால் நின்று, சின்னப்பிள்ளை துரை, சேர்க்கை சரியில்லை என்று அழ வேண்டும். துரை திட்டுவார், அதோடு விட்டுவிடுவார். நான் அப்படி என் தம்பிக்காகப் போயிருக்கிறேன், என் புருஷனுக்காகவும் போயிருக்கிறேன்.

மறுநாள் காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, மகளிடம் சொல்லாமல், ஆஸ்பத்திரி பெரிய டாக்டரைப் பார்க்கப் போனேன். மலாய்க்காரர், மரியாதையானவர், மக்சிக் என்று ஆன்ட்டி முறை வைத்துக் கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார். என் தோட்டத்து மலாயில் மன்னிப்புக் கேட்டேன். என் மகளும் நேற்று அந்தக் கூட்டத்தில் போய் நின்றுவிட்டாள் துவான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "உங்கள் மகளும் போனாளா மக்சிக்? எனக்குத் தெரியாதே. மாஸ்க் போட்டிருந்தார்களே" என்றார். பேனாவை எடுத்தார்.

அப்போதே எழுந்து வந்திருக்கலாம். நான் வரவில்லை. "அவளாகப் போகவில்லை துவான், ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள்" என்றேன். யார் என்று கேட்டார். என் வீட்டில் தோசை தின்றவள் பேரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பேரின் எழுத்துகளைக்கூட நானே சரிபார்த்துச் சொன்னேன்.

கூட்டாளியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். யார் சொன்னது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார்கள். காண்ட்ராக்ட் முடிந்தபோது அவளுக்கு நீட்டிக் கொடுக்கவில்லை. என் மகளுக்கு நிரந்தரம் வந்தது.

பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டு அந்தப் பிள்ளை கேட்டாள், "என்னை ஏம்மா சொன்னீங்க?"

"நீ போனா இன்னொரு வேலை தேடிக்குவ. எனக்கு இவ ஒருத்திதான்" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

என் மகள் கூட்டாளியின் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தாள். தன் துணிமணியையும் ஏற்றினாள். நிரந்தரக் கடிதத்தை மட்டும் சாப்பாட்டு மேசையில் என் தட்டு வைக்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஆபீஸில் சொல்லி வேறொரு பிரதி வாங்கிக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வேலையை விட முடியுமா? படிப்புக் கடன் இருக்கிறதே.

அவளை செலண்டார் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் போட்டார்கள். எனக்கு இனிப்பு நீர், சர்க்கரை நோய். நான் எங்கே மருந்து வாங்கினால் யாருக்கு என்ன? மூன்று மாதம் பொறுத்துவிட்டு, மருந்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே போனேன். நம்பர் வந்தது. கதவைத் திறந்தேன்.

"வாங்க ஆன்ட்டி, உக்காருங்க" என்றாள் என் மகள். கண் கம்ப்யூட்டரில். "சுகர் எத்தன வருஷமா இருக்கு?"

ஊசி போட எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். பக்கத்தில் நர்ஸ் நின்றாள். அவள் முன்னால் அழுவேனா நான்?

"பதினோரு வருஷம், டாக்டர்" என்றேன்.

பிரஷர் பார்த்தாள், காலைத் தடவிப் பார்த்தாள். விரல் இடுக்கில் புண் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். கை மெத்தென்று இருந்தது. பிறகு ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்தி நீட்டினாள்.

"ஆயர் குரோவிலேயே கிளினிக் இருக்கு ஆன்ட்டி. உங்க ஃபைல அங்க மாத்தி விட்டுட்டேன். இனிமே இவ்வளவு தூரம் வர வேணாம்."